சாக்குத் திரைக்கு மேலே வந்த ஓடு

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். எறிந்த பந்து எப்படி மேலே போகும், எங்கே நிற்கும், எந்த வேகத்தில் திரும்பி வரும் என்பதையெல்லாம் கரும்பலகையில் வளைவு வளைவாக வரைந்து காட்டுவார். ஆனால் ஆயுசில் ஒரு பந்தைக்கூடப் பிடித்ததில்லை. பந்து என்ன பந்து, குளிக்கும்போது சோப்பே அவர் கையில் நிற்காது. சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டால் இரண்டு கையையும் பட்டென்று தட்டுவார்; சாவி அதற்குள் காலடியில் கிடக்கும். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் எறிபந்து ஆடினேன். கடைசி இரண்டு வருஷம் நான்தான் கேப்டன். அப்புறம் கோயமுத்தூரில் ஒரு வருஷம் டிரில் டீச்சர் படிப்பு. சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. பெண் படித்திருந்தால் பெருமை, படித்ததை வைத்து ஏதாவது செய்தால் வம்பு.

கொழிஞ்சாம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டேன். பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நடுவில் எல்லை வருகிறது, ஸ்டேட் மாறுகிறது என்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதே கடலைக்காடு, அதே பனைமரம், அதே எங்கள் ஊர்த் தமிழ். ஆபீஸ் காகிதங்கள் மட்டும் மலையாளம். என் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு பந்தைக் காற்றுப் பிடுங்கி மடித்து வைத்துக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்த என் வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கி, "இதென்ன புள்ள, தோல் பையா?" என்றார்.

"பந்துங்க."

"எதுக்கு?"

"எதுக்கோ. இருக்கட்டும்."

அடுத்த வாரம் அவரே அதைச் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார். வாத்தியார் கக்கத்தில் பந்தை இடுக்கிக்கொண்டு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் நாலு பேர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கிற களம். சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே போய் நிற்போம். எறிபந்தில் விதி சுலபம். வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தட்டக் கூடாது. மூன்று எண்ணுவதற்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். இதை அவருக்குச் சொல்லிவிட்டு மெதுவாகத்தான் எறிந்தேன். பச்சைக் குழந்தைக்கு எறிகிற மாதிரி. அது அவர் நெஞ்சில் பட்டு, தாடையில் பட்டு, வைக்கோல் போருக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

மனிதர் அசரவில்லை. வைக்கோலைத் துழாவிக்கொண்டே, "ஏன் விழுந்துச்சுன்னு சொல்லட்டுமா?" என்றார்.

"உங்களுக்குப் புடிக்கத் தெரியல. அதனால விழுந்துச்சு."

"அது இல்ல. பந்து ஒரு வேகத்தோட வருது. அதை நிறுத்தோணும். கைய வெறப்பா வெச்சுட்டா ஒரே நொடியில நிறுத்தறோம். அடி பூராவும் கையில எறங்கும், பந்தும் எகிறிப் போயிரும். அதே கைய, பந்து போற பக்கமே பின்னால இழுத்துட்டே புடிச்சா, நிக்கறதுக்குப் பந்துக்கு அவகாசம் கெடைக்கும். அடி கொறையும்."

ஆறு வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பந்து கையில் பட்டதும் அதை மடிக்கு அழைத்துக்கொண்டு வருவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, கைக்கே தெரியும். அதற்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறதென்று பந்தையே பிடிக்கத் தெரியாத ஒருவர் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பந்தைக் கொஞ்சம் பலமாகவே எறிந்தேன்.

அதையும் விட்டார். "பாத்தியா, மேல போன பந்து உச்சியில ஒரு துளி நேரம் நிக்கும். போகவும் போகாது, வரவும் வராது. அங்க வெச்சுப் புடிச்சா பாரமே இருக்காது" என்றார், மூக்கைத் தடவிக்கொண்டே. இப்படியே ஏழு மாதம். அவர் ஒரு பந்தையும் பிடிக்கவில்லை, நான் பௌதிகத்தில் பாஸாகிவிடுவேன் என்கிற நிலைமை. அந்த ஏழு மாதத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் மாமனார். மாமியார் நான் வருவதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டார். அப்பனும் மகனுமாகப் பொங்கித் தின்று நாக்குச் செத்துக் கிடந்த வீடு அது. மாமனார் அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால், "பாக்கலாம்" என்பார். முதல் மாதத்திலேயே என் வீட்டுக்காரர் எனக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்: "அப்பா பாக்கலாம்னுட்டாருன்னா ஆகாதுன்னு அர்த்தம்."

சித்திரை முடியும்போது எனக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் ஒரு வருஷ லீவில் போகிறார். அந்த இடத்துக்கு என்னை எடுத்திருந்தார்கள். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். மனுப் போட்டது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ராத்திரி கண்ணை மூடினால் வரிசை வரிசையாகப் பெண்பிள்ளைகள் ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்பார்கள், நான் விசில் ஊதுவேன். அப்படி ஆசைப்பட்டேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் மாமனார் முன்னால் நின்றேன்.

அவர் படித்தார். மடித்தார். "பாக்கலாம் அம்மிணி" என்றார்.

வேறொரு மருமகளாக இருந்தால் அடுப்படிக்குப் போயிருப்பாள். நான் நகரவில்லை. "பாக்கலாம்னா எப்பங்க மாமா பாக்கறது?"

அவரிடம் அப்படி யாரும் திருப்பிக் கேட்டதில்லை போல. கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். "மழைக்கு முன்னால ஓடு மாத்தோணும். கூரை தெறந்து கெடக்கறப்ப ஊட்டுல இருக்கற ஒரே பொம்பளையும் வெளிய போயிட்டா நல்லாவா இருக்கும்?"

"அப்பக் கூரைய மூடிட்டாப் போலாங்களா?"

"மூடுனாப் போ."

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சி வேண்டுமே.

ஓடு வேலைக்கு மேற்கே இருந்து ஒரு மலையாளத்துக்காரர் இரண்டு ஆட்களோடு வருவார். வைகாசி முழுக்க அவருக்கு ஊரெல்லாம் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பள்ளிக்கூடம் திறக்க நாலே நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கே கூரையைப் பிரித்துக் கீழே அடுக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால், ஓடு உட்காரும் ரீப்பர் கட்டைகளில் பாதி கறையான். தச்சரைக் கூப்பிட்டு அதை மாற்றுவதற்குள் ஒன்றரை நாள் போனது. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் பாதிக் கூரைதான் மூடியிருக்கிறது. மேற்கே வானம் கருத்துக் கிடக்கிறது.

அந்த வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். சீமை ஓடு ஒன்று கிட்டத்தட்ட மூன்று கிலோ. மலையாளத்துக்காரர் வாசலில் காலை அகட்டி நின்று, ஓட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து வீசி மேலே விடுவார். அது சுழலாமல், கவிழாமல், படுத்த வாக்கில் மேலே போகும். கூரை பிரித்த மச்சின் ஓரத்தில் ஒருவர் நின்று அதை வாங்கி, இன்னும் மேலே சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கொடுப்பார். அந்த ஆள் அடுக்குவார். எறிகிறவரின் சாமர்த்தியம் என்னவென்றால், ஓடு சரியாகப் பிடிக்கிறவரின் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அதன் வேகம் தீர்ந்துவிடும். தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி அங்கே ஒரு துளி நேரம் நிற்கும். பௌதிகம் படிக்காத மனிதர் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அதைச் செய்தார்.

ஒவ்வொரு ஓட்டுக்கும் அவர் "பிடிச்சோ" என்று ஒரு குரல் கொடுப்பார். சமையல்கட்டில் இருந்து சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதையே வந்துவிட்டது. ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட மலையாளத்தில் எனக்கென்று ஒரு இலக்கணம் வைத்திருந்தேன்: கடைசியில் 'ஓ' வந்தால் கேள்வி. பக்கத்து வீட்டு அம்மா, "ஊணு கழிஞ்ஞோ?" என்பார், சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். "வந்நோ?" என்றால் வந்தாயிற்றா. அப்படியானால் "பிடிச்சோ" என்றால் பிடித்தாயிற்றா. ஒவ்வொரு ஓட்டுக்கும் பிடித்துவிட்டாயா, பிடித்துவிட்டாயா என்று அக்கறையாகக் கேட்டுக் கேட்டு அடுத்ததை எறிகிற மனிதரை எங்கே பார்க்க முடியும்? எங்கள் பக்கம் என்றால் தலையில் விழுந்த பிறகுதான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடிக்கிற ஆள் வரவில்லை. முந்தின நாள் ஒரு கல்யாணச் சாப்பாடு, வயிறு அவரை விடவில்லையாம். மாமனார் இடுப்பில் கைவைத்து மேற்கே பார்த்தார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தேன். அப்போது என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் புடிக்கறனுங்க" என்று மச்சுக்கு ஏறினார்.

வேண்டாமென்று கத்தலாமா என்று நினைத்தேன். எனக்காகத்தான் ஏறுகிறார், எப்படிக் கத்துவது?

முதல் ஓடு அவர் விரல் நுனியைத் தொட்டுவிட்டு வாசலில் விழுந்து நாலாக உடைந்தது. இரண்டாவது சுவரில். மூன்றாவதைப் பிடித்தேவிட்டார்; பிடித்த சந்தோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார், அது நழுவிப் போனது. ஒவ்வொன்றுக்கும் மேலே நின்று காரணம் வேறு சொன்னார். "இல்ல, அது ஒரு சாண் முன்னாலயே நின்னுருச்சு..." மலையாளத்துக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு ஓடு. எண்ணியது நான்.

"ஏட்டுச் சொரைக்கா கறிக்கு ஆகுமாடா? எறங்குடா கீழ!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தது.

அவர் இறங்கினார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே ஏணியில் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

மாமனார் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "பஸ் போற ரோடு அம்மிணி" என்றார் கடைசியாக. உண்மைதான். எங்கள் வாசலுக்கு நேர் எதிரில்தான் பொள்ளாச்சி பஸ் போகும். மச்சில் மருமகள் நின்று ஓடு பிடிப்பதை ஒரு பஸ்ஸே பார்க்கும்.

"மழை வருதுங்க மாமா."

அவர் உள்ளே போய் இரண்டு சாக்கையும் கோணி ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் சேர்த்துத் தைத்து, மூங்கிலில் கட்டி, என் முன்னால் நெற்றி உயரத்துக்கு ஒரு மறைப்பு போட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கீழே இருந்து கெஞ்சினார்: "அப்பா, மறைப்பக் கட்டுனா அவரு அதுக்கும் மேல எறியோணும். உச்சியத் தாண்டி எறங்கறப்ப ஓடு வேகம் எடுக்கும். அவளுக்குக் கீழ இருந்து வர்றதும் தெரியாது."

"உன்ற பௌதிகத்தக் கொண்டுபோயி ஓடையில போடு."

இப்படியாக, நான் சாக்குக்குப் பின்னால். எறிகிறவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. நடுவில் ஒரே ஒரு சொல்.

"பிடிச்சோ!" என்று குரல் வந்தது. நான் இன்னும் ஒன்றுமே பிடிக்கவில்லையே, அதற்குள் என்ன கேள்வி என்று யோசிப்பதற்குள் சாக்குக்கு மேலே ஓடு எழும்பி, கவிழ்ந்து, என்னைப் பார்த்து இறங்கியது. கை தானாகப் போய் வாங்கி இடுப்புவரை இழுத்துக்கொண்டு வந்தது. மேலே இருந்த ஆளிடம் நீட்டினேன். அடுத்து, "பிடிச்சோ!" சரி, போனதைப் பற்றிக் கேட்கிறார். மரியாதைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? "புடிச்சாச்சுங்க!" என்று கத்தினேன். உடனே ஓடு வந்தது. பரவாயில்லையே, பதில் சொன்ன மறு நொடி எறிகிறாரே, என்ன சுறுசுறுப்பு என்று வியந்துகொண்டேன். என் பதிலைக் கேட்டுத்தான் அவர் எறிகிறார் என்று என் கணக்கு. நான் பதில் சொல்லாவிட்டால் அவர் எறியமாட்டார்.

பிடிச்சோ, புடிச்சாச்சுங்க. பிடிச்சோ, புடிச்சாச்சுங்க. இரண்டு மணி நேரம் ஒரு ஓடு கீழே விழவில்லை. அடடா, அந்தக் காலை! பள்ளிக்கூட மைதானத்தில்கூட நான் அப்படி ஆடியதில்லை. தோள் எரிந்தது, உள்ளங்கை சிவந்தது, மனசுக்குள் திங்கட்கிழமை நெருங்கி நெருங்கி வந்தது. கீழே ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நூறு!" "நூத்தம்பது!" என்று ஸ்கோர் சொன்னார்.

வெயில் ஏறியதும் மாமனார் ஒரு சொம்பில் மோரோடு மச்சுக்கு ஏறி வந்தார். அதற்கு முன் அவர் தன் கையால் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தந்ததில்லை. நான் சாக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். பின்னால் "பிடிச்சோ!" என்று குரல். மோர் குடித்துவிட்டுப் பதில் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை அவர் காத்திருப்பார் என்று நான் நிதானமாகச் சொம்புக்குக் கை நீட்டினேன்.

மாமனாரின் கண் என் தலைக்கு மேலே போனது. சொம்பு விழுந்தது. என் காதோரமாக இரண்டு கைகள் பாய்ந்தன. பட்டென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால், என் பின்மண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடு. அதைப் பிடித்திருந்தது என் மாமனார். கையைக் கட்டை மாதிரி நீட்டி, அப்படியே நின்றபடிக்குப் பிடித்திருந்தார். பிறகு மெதுவாக மச்சுப் பலகையில் உட்கார்ந்து ஓட்டை மடியில் வைத்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்றென்று கீழே இருந்து கேட்டார் மலையாளத்துக்காரர்.

"நான் இன்னும் புடிச்சாச்சுன்னே சொல்லல, அதுக்குள்ள ஏனுங்க எறிஞ்சீங்க?" என்று நான் சாக்குக்கு மேலே எட்டிப் பார்த்துச் சண்டைக்குப் போனேன்.

"மோளே, பிடிச்சோன்னு பறஞ்ஞா பிடிக்கணம்!"

என் வீட்டுக்காரருக்குத்தான் விஷயம் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். "புள்ள, அவரு கேக்கலே! 'இந்தா, புடிச்சுக்கோ'ங்கறாரு!" அதைக் கேட்டு மேலே சட்டத்தில் இருந்த ஆள் சிரித்த சிரிப்பில் ரீப்பர் ஆடியது. இரண்டு மணி நேரமாக அவர் "இந்தா பிடி, இந்தா பிடி" என்கிறார், நான் "பிடித்தாயிற்று, பிடித்தாயிற்று" என்று பிடிப்பதற்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்த வெட்கத்துக்கு மச்சு பிளந்து உள்ளே போனால் தேவலாம் என்று இருந்தது.

மாமனார் சிரிக்கவில்லை. எழுந்தார், மூங்கிலில் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். சாக்கை உருவிச் சுருட்டி மூலையில் எறிந்தார். "கண்ணு தெரியாம எப்படிப் புடிக்கறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பொள்ளாச்சி பஸ் வந்தது. எங்கள் வாசலில் வேகம் குறைந்தது. ஜன்னலுக்கு ஒரு தலை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தான். மாமனார் மச்சு ஓரத்துக்கு வந்து, "என்றா பாக்கறே? ஓடு மாத்தறதப் பாத்ததில்லையா? வண்டிய எடுறா!" என்றார். பஸ் ஓடியே போய்விட்டது.

அப்புறம் அவர் இறங்கவில்லை. நான் பிடித்துக் கொடுக்க, அவர் வாங்கி மேலே நீட்டினார். ஓட்டை விரலால் பிடிக்காமல் முன்கையில் ஏந்தி, இடது கையால் அணைத்துக் கொடுத்தார். வயசானவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் என் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். இப்போது ஓடு நேராக நெஞ்சுக்கு வந்து நின்றது. பாரமே இல்லை. வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் சரி.

முதல் தூறல் விழும்போது வாசலில் ஓடு தீர்ந்துபோனது. மாமனார் படுக்கிற அறைக்கு மேலே ஒரு பொத்தல் மட்டும் பாக்கி. எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை, பதினோரு ஓடு. புது ஓடு புதன்கிழமைதான் கொண்டுவர முடியும் என்று சொல்லிவிட்டு மலையாளத்துக்காரர் குடையை விரித்துப் போனார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. மூடினால் போ என்றார், மூடவில்லை. அவ்வளவுதான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமனார் சோறு வேண்டாம், கஞ்சி போதும் என்றார். யாருக்குத்தான் சோறு இறங்கும்?

திங்கட்கிழமை காலை நல்ல மழை. என் வீட்டுக்காரர் அவர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். நான் பழைய சேலையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்ல மாட்டேன். அழுதேன்.

நிழல் விழுந்தது. மாமனார், தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஏனம்மிணி, இன்னும் கெளம்புலியா?"

"கூரை மூடலைங்களே மாமா."

"அந்தப் பொத்தலுக்கு நாலு ஏனத்த வெச்சுட்டேன். ஒழுகறதப் பாத்துட்டு ஊட்டோட ஒக்காந்திருப்பியா? ஒம்போதரை பஸ்ஸ உட்டுட்டா அப்பொறம் பத்து மணிக்கு மேலதான். போ போ, சேலைய மாத்து."

நான் சேலை மாற்றியது, குடையைத் தேடியது, வாசல்படியில் வழுக்கியது, பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தியது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. பத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். மழையானதால் மைதானம் இல்லை. வராந்தாவில் நாற்பது பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஸ்கூல் பந்து ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரையும் பிடிக்கச் சொன்னேன். பாதிப் பேர் என் வீட்டுக்காரர் மாதிரி.

சாயங்காலம் நனைந்த புடவையோடு உள்ளே நுழையும்போதே கதை ஆரம்பித்துவிட்டேன். மாமனார் முற்றத்து ஓரத்தில் மணையில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை புள்ளைக, ஒருத்தியாவது புடிச்சாளா என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினேன். நேற்று இரவும் கஞ்சி, காலையிலும் கஞ்சி, இப்போதும் கஞ்சி. சோறு பிசைய விரல் வேண்டும்.

காலையிலிருந்து கையில் சுற்றியிருந்த அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தேன். வலது கை மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் கனத்தில் இருந்தது. டிரில் படிப்பில் முதலுதவி ஒரு பாடம். உடைந்த விரலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். கையை இழுக்காமல் விறைப்பாக வைத்து, உச்சியிலிருந்து இறங்கிய ஓட்டைப் பிடித்தால் விரல் என்ன ஆகும் என்றும் தெரியும். இந்த விரலை வைத்துக்கொண்டு நேற்றுப் பொழுது சாயும்வரை ஓடு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"ஏனுங்க மாமா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? ரெண்டு நாளா இத மூடி வெச்சுட்டு... வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?" மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? வந்துவிட்டது. சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேத்துச் சொல்லியிருந்தா இன்னிக்கு நீ போயிருப்பியா?"

போயிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்பொறம் என்ன. கஞ்சிக்கு உப்புப் பத்தல, கொஞ்சம் போடு" என்றார்.